நானும் நானும் ஒரே ஆள்

கிரெடிட் கார்டில் சேரும் பாயிண்ட்டுகளைக் கொடுத்து நட்சத்திர ஹோட்டலில் ஓர் இரவு இலவசமாகத் தங்கலாம் என்று வங்கி எனக்கு எழுதத் தொடங்கியபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். அதனால் படிக்க நேரம் இருந்தது. வேலைக்காலம் முழுவதும் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் க்ளெய்ம் பிரிவில் உட்கார்ந்து, வந்த விண்ணப்பங்களை எந்த விதியின் கீழ் திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தவன் நான். இலவசம் என்று பெரிய எழுத்தில் போடுகிறவன் அதன் கீழே சிறிய எழுத்தில் என்ன போடுவான் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சிறிய எழுத்துகளில் சிலவற்றை நானே எழுதியிருக்கிறேன்.

ஆகவே பாயிண்ட்டுகளைச் சேர விட்டேனே தவிரத் தொட்டதில்லை. மாதுங்காவில் வாங்கும் காப்பித்தூள், செம்பூர் வீட்டின் சொசைட்டிக்குக் கட்டும் பராமரிப்புப் பணம், மனைவியின் முழங்கால் மாத்திரை எல்லாம் அந்தக் கார்டில்தான் போயின. பாயிண்ட்டுகள் தம் பாட்டுக்குக் குவிந்தன. பிறகு வங்கி மிரட்டத் தொடங்கியது. இந்தக் காலாண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகிவிடும் என்று வாரம் ஒரு கடிதம். பரிசு கொடுக்கிறவன் பரிசை வாங்காதவனை அதட்டுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவியின் தங்கை மும்பையை விட்டுப் போவதென்று முடிவானது. அவள் தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்தில், கோலி என்று இங்கே சொல்லும் ஓர் ஒற்றையறை வீட்டில் இருந்தாள். கணவர் இறந்த பிறகு அந்த ஒற்றை அறையிலேயே தையல் மெஷினைப் போட்டு பிளவுஸ் தைத்தாள். புனேவில் ஃபிளாட் வாங்கிய மகன், பள்ளி திறப்பதற்குள் வந்துவிட வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லிவிட்டான். கோலியை விற்றாகிவிட்டது. இனி அவள் திரும்பி வரப்போவதில்லை.

அக்காவும் தங்கையும் கல்யாணமாகி இந்த நகரத்துக்கு வந்த நாளிலிருந்து வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டவர்கள். ஆனால் தனியாக அல்ல. தாராவியில் அளவு கொடுக்க யாராவது வந்து நிற்பார்கள். செம்பூரில் நான் இருப்பேன். நான் ஹாலிலும் அவர்கள் உள்ளேயும் இருந்தால்கூட, நான் ஹாலில் இருப்பது அவர்களுக்குக் கேட்குமாம். மனைவி அப்படித்தான் சொன்னாள்.

"ஏங்க, அந்த ஓசி ரூம் ஒண்ணு இருக்குன்னு பேங்க்காரன் எழுதிட்டே இருக்கான்ல. அத எங்களுக்குப் போட்டுக் குடுங்க. அவ போறதுக்கு முன்னால ஒரு ராத்திரி இருந்து பேசணும்."

"மூணு பேரும் போகலாமே."

"நாங்க ரெண்டு பேரும்னு சொன்னேன்."

"அட்டைக்குச் சொந்தக்காரன்தான் தங்கணும்னு விதி இருக்கு."

"நீங்க தங்குறதுன்னா எதுக்கு அம்புட்டுத் தூரம்? அதுக்கு வீட்டுலயே இருந்துருவோம்."

நான் விளையாட்டுக்கு விதி பேசவில்லை. பதினெட்டுப் பக்க நிபந்தனைகளில் அது இருந்தது. உறுப்பினர் தாமே வந்து தங்க வேண்டும், பிறருக்குக் கொடுக்கக் கூடாது. அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள். அந்த வீட்டில் என் வாசிப்புக்கு எப்போதும் கிடைக்கிற மரியாதை அது.

ஆனால் அந்த விதிக்குப் போவதற்கு முன்னாலேயே வேறொன்றில் சிக்கிக்கொண்டேன். என் பெயரில்.

என் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்துகள் உண்டு. முதலாவது ஊர், இரண்டாவது அப்பா. திருநெல்வேலிச் சீமையில் இதைப் பார்த்து யாரும் குழம்பியதில்லை. மும்பைக்கு வந்த பிறகு ஒவ்வொரு கவுன்ட்டரிலும் சர்நேம் கேட்டார்கள். அப்படி எதுவும் இல்லை என்றால், எதையோ முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒரு குமாஸ்தா என் ஊரைப் பிடித்துக் கடைசியில் மாட்டினான். இன்னொருவன் என் அப்பாவைப் பிடித்து மாட்டினான். இப்படியாக பான் கார்டில் என் சர்நேம் ஊர், ஆதாரில் என் சர்நேம் அப்பா. வங்கி பான் கார்டைப் பார்த்து எழுதிக்கொண்டது. கார்டோடு கூட வந்த திட்டத்தில் ஹோட்டல்காரன் ஆதாரைப் பார்த்து உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டான்.

அதிலிருந்து வங்கி ஓர் ஊரையே விளித்துக் கடிதம் எழுதுகிறது. பேருந்து நிறுத்தமும் குளமும் கோயிலும் சேர்ந்து கிரெடிட் கார்டு கட்டணம் கட்டாமல் ஏமாற்றுவதுபோல் இருக்கும் அந்தக் கடிதங்களைப் படித்தால். ஹோட்டல்காரன் எழுதுவதோ என் அப்பாவுக்கு. அவர் ஆயுளில் ஒரு லாட்ஜில்கூடப் பணம் கொடுத்துத் தங்கியதில்லை. திருச்செந்தூர் போனால் மண்டபத்தில் துண்டை விரித்துப் படுப்பார். இறந்து இத்தனை வருடம் கழித்து, தென்மும்பையில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு ஹோட்டல் அவரை மதிப்பிற்குரிய விருந்தினரே என்று அழைத்து, நீச்சல் குளத்துக்கு வரச் சொல்கிறது.

வங்கியில் இருக்கும் பாயிண்ட்டை ஹோட்டல் கணக்குக்கு மாற்றினால்தான் அறை கிடைக்கும். இரண்டு கணக்கிலும் பெயர் ஒன்றாக இருந்தால்தான் மாற்ற முடியும். ஊரிலிருந்து அப்பாவுக்கு ஒரு பாயிண்ட்கூட நகரவில்லை.

வங்கியின் உதவி எண்ணில் தமிழுக்கு ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். பாட்டைக் கேட்க வைத்து, பிறகு ஒரு பெண்ணைக் கொடுத்தார்கள்.

"சார், ரெண்டு அக்கவுன்ட்லயும் நேம் மேட்ச் ஆகல சார்."

"ரெண்டும் நான்தாம்மா. ஒண்ணுல ஊர் இருக்கு, ஒண்ணுல அப்பா இருக்காரு."

"எனக்குப் புரியுது சார். சிஸ்டம் எடுத்துக்காது சார்."

"நீ எந்த ஊரும்மா?"

"மதுரை சார்."

"உன் ஆதார்ல சர்நேம்னு என்ன போட்டிருக்கு?"

"அப்பா பேரு சார்."

"அது சர்நேமா?"

"இல்ல சார்."

"அப்ப நான் சொல்றது புரியுதில்ல?"

"நல்லாப் புரியுது சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

வேலையில் இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் பேசினேன் என்பதால் அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளை அப்படிப் பேச வைத்தவன் மேல் வந்தது. அவன் யாரென்று தெரியாததால், கையில் கிடைத்தவர்கள் மேல் காட்டினேன்.

கார்டில் பெயரை மாற்ற வேண்டுமானால் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டுக் கொண்டுவரச் சொன்னது வங்கி. அந்த நடைமுறை எனக்கு அத்துப்படி. அது முடிவதற்குள் என் கொழுந்தியாளின் பேரன் பள்ளிப் படிப்பையே முடித்துவிடுவான். ஹோட்டல் பக்கம் போனேன். அவர்களுடைய இணையதளத்தில் பெயர் மாற்றத்துக்கு ஒரு பக்கம் இருந்தது. காரணம் என்ன என்று கேட்டு மூன்று கட்டங்கள் கொடுத்திருந்தார்கள். திருமணம். விவாகரத்து. பிற.

மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "ரெண்டாவதப் போடுங்க. சட்டுனு முடியும்."

நான் 'பிற' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். உடனே ஆவணம் கேட்டது.

இந்த இடத்தில் பல பேர் விட்டுவிடுவார்கள். அதற்காகத்தான் அந்தக் கட்டத்தையே வைக்கிறார்கள். நான் மனைவியையும் கூட்டிக்கொண்டு குர்லா கோர்ட்டுக்கு வெளியே குடையின் கீழ் மேஜை போட்டிருக்கும் நோட்டரியிடம் போனேன். இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் போடுவது வழக்கத்தில் உள்ளதுதான். தமிழர்களுக்கு அதை நிறையப் போட்டிருப்பதாக நோட்டரி சொன்னார். நீங்கள் நீங்கள்தான், அதைத்தானே எழுத வேண்டும் என்று இந்தியில் கேட்டார். ஆமாம், நான் நான்தான் என்றேன். சாட்சி இருக்கிறாரா என்றார். மனைவியைக் காட்டினேன்.

"நல்லாப் பாத்துக் கையெழுத்துப் போடு" என்றேன் அவளிடம்.

"இத்தன வருஷமாப் பாத்துட்டுத்தான இருக்கேன்" என்றாள். "வேற ஆளா இருந்தா எப்பவோ தெரிஞ்சிருக்குமே."

பத்திரத்தையும் பான் கார்டையும் அனுப்பினேன். ஹோட்டல்காரன் மூன்று தடவை தெளிவாக இல்லை என்று திருப்பினான். நாலாவது தடவை அதே நகலை, அளவை மட்டும் பெரிதாக்கி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டான். என் அப்பா உறுப்பினர் பதவியிலிருந்து நீங்கினார், ஊர் சேர்ந்தது. பாயிண்ட்டுகள் போய்ச் சேர்ந்தன. போகிற வழியில் பாதியாகிவிட்டிருந்தன. மாற்று விகிதம் என்று அதற்குப் பெயர். அப்புறம் அறை தேடினால், சனி ஞாயிறு கிடையாது, விடுமுறை நாள் கிடையாது, கல்யாண முகூர்த்த நாள்களில் ஹோட்டல் முழுவதும் மார்வாடிகளின் விருந்து. கொழுந்தியாள் கிளம்பும் வாரத்தில் செவ்வாய்க்கிழமை ஒன்றுதான் காலியாக இருந்தது. கடலைப் பார்க்காத அறை. நகரத்தைப் பார்க்கும் அறை என்று போட்டிருந்தார்கள். நகரத்தைப் பார்க்க யாராவது ஹோட்டலுக்குப் போவார்களா என்று கேட்டேன். யாரைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை, தாராவியை ஒட்டிய சயானில் கொழுந்தியாளை ஏற்றிக்கொண்டு டாக்சியில் போனோம். அவள் மடியில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. வெளிச் சாப்பாடு அனுமதியில்லை என்று நான் சொன்னேன்.

"அனுமதி இல்லன்னா நீங்க வாங்கிக் குடுங்க அத்தான். அங்க ஒரு இட்லி என்ன வெலைன்னு போன்ல பாத்துட்டுத்தான் வாரேன்" என்றாள். பிறகு என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். "இது என்ன, இம்புட்டுக் காயிதம்? கோலி விக்கும்போதுகூட நான் இவ்வளவு கையெழுத்துப் போடலையே. ஓசி ரூமுக்கு இந்தப் பாடா?"

"ஓசிக்குத்தான் பாடு ஜாஸ்தி" என்றாள் என் மனைவி.

ஹோட்டலின் வரவேற்பு மேஜையில் ஓர் இளைஞன் இருந்தான். சட்டைப்பையில் பித்தளைப் பெயர்ப்பலகை. அதில் அவன் சர்நேம் மட்டுமே இருந்தது. சொந்தப் பெயர் வீட்டுக்கு மட்டும் போலிருக்கிறது. அவன் ஆதாரைக் கேட்டான். கொடுத்தேன். திரையைப் பார்த்தான், ஆதாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

பதிவு வேறு பெயரில் இருக்கிறது என்றான். பான் கார்டைக் கொடுத்தேன். பெயர் சரி, ஆனால் அதில் முகவரி இல்லை, எனவே ஹோட்டலில் செல்லாது என்றான். பெயர் சரியாக இருக்கும் அட்டையில் முகவரி இல்லை, முகவரி இருக்கும் அட்டையில் பெயர் சரியில்லை. இப்படி ஓர் ஓட்டை நான் க்ளெய்ம் பிரிவில் இருந்தபோது கிடைத்திருந்தால் பொன்னைப்போல் பாதுகாத்திருப்பேன்.

உறுதிமொழிப் பத்திரத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். இது நகலா என்றான். அசல் என்றேன். இது எங்கள் நடைமுறையில் இல்லை என்றான். உங்கள் தலைமை அலுவலகம் இதே பத்திரத்தை ஏற்றுத்தான் பெயரை மாற்றியது என்று சொல்லி, அவர்களுடைய மின்னஞ்சலை அச்செடுத்ததை அதன்மேல் வைத்தேன். அதன்மேல் நிபந்தனைகளின் பதினோராம் பக்கத்தை வைத்தேன். எனக்குப் பின்னால் பெட்டிகளோடு நின்ற ஒரு வெளிநாட்டுக் குடும்பம் வேறு வரிசைக்கு மாறியது. அவன் மேலாளரைக் கூப்பிட்டான்.

மேலாளர் ஒரு பெண். என்னைப் போன்றவர்களை நிறையப் பார்த்திருப்பாள். எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தாள். நான் நான்தான் என்று ஒப்புக்கொண்டாள். பிறகு, சோபாவில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களையும் பார்த்தாள்.

"அறை இரண்டு பேருக்கு, சார். யார் யார் தங்குகிறீர்கள்?"

இதுதான் நான் இத்தனை நாளும் தள்ளிப்போட்டு வந்த கேள்வி. அவர்கள் இரண்டு பேர் என்று சொன்னால் உறுப்பினர் தங்கவில்லை. பதிவு ரத்து, பாயிண்ட்டும் போச்சு. நானும் மனைவியும் என்று சொன்னால் தங்கை பார்வையாளர். சாயங்காலம் கிளம்பிவிட வேண்டும். திரும்பிப் பார்த்தேன். கொழுந்தியாள் சோபாவின் மெத்தையை அழுத்திப் பார்த்து அக்காவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது அவளுக்குத் தெரியும் என்ற முகம். அந்த முகம் எனக்குப் பழக்கம். அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கும் அதே முகம்தான் இருக்கும்.

"மூன்று பேர்" என்றேன்.

மூன்றாவது ஆளுக்குத் தனிக் கட்டணம் என்றாள். தெரியும், ஏழாம் பக்கம் என்றேன். கூடுதல் கட்டில் வேண்டுமா என்றாள். போடுங்கள் என்றேன். இலவச அறைக்கு அதே கார்டைத் தேய்த்துப் பணம் கட்டினேன். அதற்கும் பாயிண்ட் சேர்ந்தது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அறையில் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து, விரிப்பு போட்டு, தலையணையைத் தட்டி வைத்துவிட்டுப் போனார்கள். ஜன்னலுக்கு வெளியே நகரம் தெரிந்தது. ஒரு கட்டிடத்தின் முதுகும் அதில் நிறைய ஏசி பெட்டிகளும். கொழுந்தியாள் குளியலறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அக்கா, எங்க கோலிய இதுக்குள்ள வச்சுட்டு மெஷினையும் போடலாம்."

என் மனைவி கட்டிலைப் பார்த்தாள். "இது யாருக்கு?"

"எனக்கு."

"நீங்க இருக்கீங்களா?"

"ரெஜிஸ்டர்ல இருக்கேன்" என்றேன். "நடந்துட்டு வாரேன்னு கீழ சொல்லிட்டுக் கிளம்பிருவேன். யாராவது கேட்டா நான் நடந்துட்டே இருக்கேன்."

அவள் கதவு வரை வந்தாள். "குக்கர்ல சாதம் இருக்கு. மோர் ஃப்ரிட்ஜ்ல" என்றாள். நான் வெளியே போன பிறகு உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது. அவ்வளவு சீக்கிரம் போட்டிருக்க வேண்டியதில்லை.

கீழே அந்தப் பித்தளைப் பெயர்க்காரன், எங்கே சார் என்றான். வாக்கிங் என்றேன். சிஎஸ்டி ரயில் நிலையம் வரை நடந்தேன். ஹார்பர் லைன் மின்ரயிலில் ஐந்து மணிக் கூட்டம். ஒரு நட்சத்திர ஹோட்டலில் கட்டில் பிடித்து வைத்திருக்கும் நான் குர்லா வரை ஒற்றைக் காலில் நின்றேன். செம்பூரில் இறங்கி வீட்டுக்குப் போய் மோர்சாதம் சாப்பிட்டேன். பொய்யான விவரம் தந்ததற்காக எத்தனை பேருடைய விண்ணப்பத்தைத் திருப்பியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவர்கள் விவரம் இதைவிடச் சுமாராக இருந்தது, அதனால்தான் மாட்டினார்கள்.

ஹோட்டலிலிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. அறை வசதியாக இருக்கிறதா, ஏதாவது வேண்டுமா என்று. எல்லாம் வசதியாக இருக்கிறது என்று என் ஹாலில் உட்கார்ந்து பதில் போட்டேன்.

மறுநாள் மதியம் மனைவி தங்கையைத் தாராவியில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். கண் சிவந்திருந்தது. தூங்கவில்லை என்று தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடித்தாள்.

"என்ன பேசுனீங்க?"

"என்னென்னமோ."

"ராத்திரி பூராவுமா?"

"பயப்படாதீங்க. உங்களப் பத்தி ஒரு வார்த்தகூடப் பேசல."

அதை ஆறுதலாகச் சொன்னாளா, வேண்டுமென்றே சொன்னாளா என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

"அந்தக் கட்டில்?" என்றேன்.

"தூக்கையும் பையையும் வச்சோம்" என்றாள். தம்ளரை வைத்துவிட்டு, "காலைல ரூம்பையன் வந்து, சார் எங்கன்னு கேட்டான். அவ சொல்றா, நடக்கப் போனவரு இன்னும் வரலன்னு. அவன் முகத்தப் பாக்கணுமே" என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று பார்ப்பதற்குள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

கொழுந்தியாள் ஞாயிற்றுக்கிழமை புனேவுக்குப் போனாள். அதற்கு மறுநாள் ஹோட்டலிலிருந்து கருத்துக் கேட்புப் படிவம் வந்தது. என் ஊரை விளித்து, எங்களிடம் எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மிக நன்றாக, நன்றாக, சுமாராக, மோசமாக, பிற.

குர்லாவில் போட்ட உறுதிமொழிப் பத்திரத்தை அலமாரியில் வைத்திருக்கிறேன். இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று முத்திரையோடு சொல்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு தவிர மற்ற நாள்களுக்கு அது உண்மைதான். அன்று ஒருவர் கடலோர ஹோட்டலில் பணம் கட்டிய கட்டிலில் பையைச் சுமந்துகொண்டு கிடந்தார், இன்னொருவர் செம்பூரில் கால் வலியோடு படுத்திருந்தார்.

'பிற' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இந்த முறை ஆவணம் கேட்கவில்லை.